குழந்தைக்காக வேலையை விட்டேன். இன்டர்வியூவில் அதுதான் குறையா?

பேரணாம்பட்டிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 29. வேலூரில் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் க்யூசி (தரச் சோதனை) பிரிவில் நான்கு வருடம் வேலை பார்த்தவர். கர்ப்பமாக இருந்தபோது சூப்பர்வைசர், "இந்த நிலைமைல லைன்ல நிக்க முடியாதும்மா, எழுதிக் கொடுத்துட்டுப் போயிடு" என்று சொல்ல, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இப்போது குழந்தைக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. அம்மா வீடு பக்கத்துத் தெருவிலேயே இருப்பதால் மறுபடி வேலைக்குப் போக நினைக்கிறார்.

ராணிப்பேட்டை சிப்காட்டிலும் ஒரகடம் பக்கத்திலும் ஐந்து கம்பெனிகளுக்கு விண்ணப்பித்ததில் மூன்றிலிருந்து பதிலே இல்லை. இரண்டு இடங்களில் இன்டர்வியூ வரை போயிருக்கிறார். ஒன்றில் "சொல்லி அனுப்புறோம்" என்று முடித்துவிட்டார்கள். மற்றொன்றில் எச்.ஆர். அதிகாரி, "குழந்தையை யார் பார்த்துக்குவாங்க? அடுத்தது எப்போ?" என்று கேட்டிருக்கிறார். அதன் பிறகு அங்கிருந்தும் தகவல் இல்லை. இதற்கிடையில் கணவரின் நண்பர் ஒரு கன்சல்டன்சியைக் காட்டியிருக்கிறார். 25,000 ரூபாய் கொடுத்தால் அந்த இரண்டு வருடமும் வேலையில் இருந்ததாக எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டும் சம்பளச் சீட்டும் தயார் செய்து தருவார்களாம்.

"இடைவெளிதான் காரணமா? இல்லை, என் பெயரும் நான் பர்தாவோடு போனதும் காரணமா? எல்லோரும்தான் சர்டிபிகேட் போடுகிறார்கள், நான் மட்டும் ஏன் யோசிக்கிறேன்? வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்றாவது சொல்ல மாட்டார்களா?" என்று கேட்கிறார். தான் அனுப்பிய பயோடேட்டாவின் நகலையும் கடிதத்தோடு இணைத்திருக்கிறார்.

பதில்

அன்புச் சகோதரிக்கு,

பயோடேட்டாவை இணைத்தது நல்லதாகப் போயிற்று. உங்கள் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் இருக்கிறது. ஆலைகளுக்கு ஆள் எடுக்கும் மேசையின் அந்தப் பக்கத்தில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். அதை என் கையில் கொடுத்திருந்தால் எப்படிப் பார்த்திருப்பேன் என்பதை அப்படியே சொல்கிறேன்.

பிரவுசிங் சென்டரில் அடித்த இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் கணவர் பெயர், மதம், திருமண நிலை, பிறந்த தேதி, தாய்மொழி, முழு முகவரி, பத்தாம் வகுப்பு மார்க், பன்னிரண்டாம் வகுப்பு மார்க். இரண்டாம் பக்கத்தின் பாதியில் 'ஷூ கம்பெனி, க்யூசி, 4 வருடம்' என்று ஒரே ஒரு வரி. தொடர்பு எண்ணாகக் கணவரின் கைபேசி எண்.

நீங்கள் மறைக்க நினைக்கும் இரண்டு வருடம் என் கண்ணில் படவே இல்லை. காணாமல் போயிருப்பது நீங்கள் வேலை பார்த்த நான்கு வருடம்.

முதல் சுற்றில் என்ன நடக்கிறது

கம்ப்யூட்டரே விண்ணப்பங்களைத் தூக்கிப் போட்டுவிடுகிறது என்று உங்கள் கணவரின் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பெரிய கம்பெனிகளில் மென்பொருள் இருப்பது உண்மைதான். விண்ணப்பத்திலிருந்து படிப்பு, அனுபவம், ஊர் ஆகியவற்றைப் பிரித்து அது வரிசைப்படுத்தும். 'ஷிப்ட்டில் வர முடியுமா', 'எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள்' போன்ற கேள்விகளுக்கு நீங்கள் தந்த பதில் பொருந்தாவிட்டால் ஓரமாக ஒதுக்கியும் வைக்கும். ஆனால் நம் பக்கத்து ஆலைகளில் பெரும்பாலும் நடப்பது இன்னும் எளிமையானது. எச்.ஆர். பிரிவில் ஒருவர் நௌக்ரி போன்ற தளத்தில் நாலைந்து சொற்களைப் போட்டுத் தேடுகிறார், அல்லது மின்னஞ்சலில் வந்து குவிந்ததை வேகமாகப் புரட்டுகிறார். ஒரு தாளுக்கு அவர் ஒரு நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. 'இந்த ஆள் இந்த வேலையைச் செய்திருக்கிறாரா, இந்தச் சம்பளத்துக்கு இவ்வளவு தூரம் தினமும் வந்து போவாரா' என்ற இரண்டு விஷயத்தைத்தான் அவர் கண் தேடுகிறது. இரண்டுக்கும் விடை முதல் அரைப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

தேறும் பெயர்களைக் குறித்துக்கொண்டு போன் போடுவார். அந்த போன்தான் முதல் தேர்வு. பகல் பதினோரு மணிக்கு வரும் அந்த அழைப்பை வேலையில் இருக்கும் உங்கள் கணவர் எடுத்து, "யாரு? எந்த கம்பெனி? அவங்க வீட்ல இருக்காங்க, சாயங்காலம் பண்ணுங்க" என்றால், எச்.ஆர். அடுத்த பெயருக்குப் போய்விடுவார். மாலையில் மறுபடி கூப்பிட அவருக்கு நேரம் இருக்காது. பதிலே வராத மூன்று கம்பெனிகளில் ஏதாவது ஒன்றிலாவது இப்படி நடந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்கள் பெயரில் ஒரு சிம் வாங்கி, அந்த எண்ணைக் கொடுங்கள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் எடுங்கள்.

மதம், திருமண நிலை, கணவர் பெயர் மூன்றையும் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு நிரப்பும் படிவங்களில் அவற்றைக் கேட்பார்கள், அப்போது கொடுத்தால் போதும்.

இனி அந்த ஒற்றை வரிக்கு வருகிறேன். கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். ஒருமுறை 1,200 ஜோடி லாட்டில் 80 ஜோடியை எடுத்துப் பார்த்தபோது ஏழு ஜோடியில் இடது வலது அப்பரின் (ஷூவின் மேல்பகுதி) நிறம் ஒன்றுபோல இல்லை என்றும், ஷிப்மென்ட் அவசரம் என்று புரொடக்‌ஷனில் சத்தம் போட்டும் லாட்டை நிறுத்தி வைத்ததாகவும் சொல்கிறீர்கள். அந்தத் தாளில் இருக்க வேண்டிய முதல் செய்தி இதுதான்! 1,200க்கு 80 எடுத்து, ஐந்து வரை பழுது இருந்தால் விடலாம், ஆறானால் நிறுத்த வேண்டும் என்பது ஏக்யூஎல் 2.5 கணக்கு. உலகம் முழுக்க வாங்குபவர்கள் கேட்கும் மாதிரி ஆய்வு முறை அது. ஷூவுக்கும் அதே கணக்கு, கார் உதிரிபாகத்துக்கும் அதே கணக்கு. ராணிப்பேட்டையில் நீங்கள் போன உதிரிபாக கம்பெனியின் க்யூசி பொறுப்பாளருக்கு 'ஷூ கம்பெனி' என்றால் ஒன்றும் விளங்காது. 'ஏக்யூஎல் 2.5 முறையில் இறுதிச் சோதனை, லாட்டை நிறுத்தும் பொறுப்பு, பழுதுப் பதிவேடு, ஒட்டுப் பிடிமான சோதனை' என்று எழுதினால் அவர் நிமிர்ந்து உட்கார்வார். தையல் ஊசி உடைந்தால் துண்டுகள் முழுவதும் கிடைக்கும்வரை லைனை விடமாட்டோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதையும் சேருங்கள். செய்த வேலையை மட்டும் எழுதுங்கள். ஒரு சொல்கூடக் கூட்ட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

இன்டர்வியூவில் எதற்கு மதிப்பெண்

ஒழுங்காக ஆள் எடுக்கும் கம்பெனிகளில் இன்டர்வியூ எடுப்பவர் கையில் ஒரு தாள் இருக்கும். வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட்டு, கடைசியில் கூட்டிப் பார்ப்பார்கள். 'பேசிப் பார்த்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவேன்' என்கிற மேலாளர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். அந்த முறை நம்பகமானதல்ல. தேர்வு முறைகளில் எது பிற்கால வேலைத்திறனைச் சரியாகக் கணிக்கிறது என்று பால் சாக்கெட் உள்ளிட்ட உளவியல் ஆய்வாளர்கள் 2022ல் பழைய ஆய்வுகளையெல்லாம் மறுபடி கணக்கிட்டார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டு மதிப்பெண் போடும் இன்டர்வியூதான் முதலிடத்தில் வந்தது. வெறும் அனுபவ ஆண்டுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய எதையுமே கணிக்கவில்லை. ஆறு வருடம் என்று காட்டினால்தான் மதிப்பு, நான்கு என்றால் குறைவு என்கிற உங்கள் பயத்துக்கு அடிப்படை இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அந்தத் தாளில் உங்களுக்கு மதிப்பெண் வாங்கித் தருவது நடந்த சம்பவம்தான். "நான் பொறுமைசாலி, கடின உழைப்பாளி" என்பதற்கு யாரும் மதிப்பெண் போட முடியாது. அந்த லாட்டை நிறுத்திய கதையைச் சொல்லுங்கள்: என்ன பார்த்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள், யார் எதிர்த்தார்கள், கடைசியில் என்ன ஆயிற்று. இரண்டு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். வீட்டில் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். உங்கள் ஆங்கிலம் தடுமாறுகிறது என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். ஷாப் ஃப்ளோர் வேலைக்கு ரிப்போர்ட் படிக்கவும் எழுதவும் தெரிந்தால் போதும். "தமிழில் சொல்லட்டுமா சார்?" என்று கேட்பதில் தவறே இல்லை. தடுமாறிக்கொண்டே பாதி சொல்வதைவிடத் தமிழில் முழுசாகச் சொல்வதே மேல்.

இடைவெளியைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். தயங்காமல் சொல்லுங்கள்: "குழந்தை பிறந்ததால வேலையை விட்டேன் சார். இப்ப ரெண்டு வயசு தாண்டிடுச்சு. ஷிப்ட்டுக்கு வர ஏற்பாடு பண்ணிட்டேன்." இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம். இந்த இடைவெளி நம் ஊரில் எல்லா எச்.ஆருக்கும் பழக்கமானது. அவர்களைச் சந்தேகப்பட வைப்பது காரணமே சொல்லாமல் மழுப்பும் இடைவெளிதான்.

"அடுத்தது எப்போ?" என்ற கேள்வியும் சட்டமும்

அந்தக் கேள்வி உங்களைக் காயப்படுத்தியதில் ஆச்சரியமில்லை. கேட்டவர் தவறு செய்திருக்கிறார். உங்களுக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்த ஆணிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார்.

சட்டம் எதுவரை துணை நிற்கும் என்பதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். தனியார் கம்பெனி இப்படிக் கேட்பதையே குற்றமாக்கும் விதி நம் நாட்டில் இல்லை. ஆனால் ஒரே மாதிரி வேலைக்கு ஆள் எடுக்கும்போது பெண் என்பதற்காக ஒதுக்கக் கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பெரிய கைபேசி ஆலையில் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டபோது, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் அந்த 1976 சட்டத்தின் 5ஆவது பிரிவைக் காட்டித்தான் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. ஆக, உரிமை இருக்கிறது. அதை நிரூபிப்பதுதான் கடினம், ஏனென்றால் எந்தக் கம்பெனியும் காரணத்தை எழுதித் தராது. தனியார் கம்பெனி நிராகரித்த காரணத்தைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. அரசு, பொதுத்துறை வேலை என்றால் உங்கள் மதிப்பெண்ணைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம்.

இந்த ஒரு கேள்வியை வைத்துப் புகார் கொடுக்க வேண்டுமா என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. கையில் சாட்சியம் இல்லை, உங்கள் சக்தியும் அதில் போய்விடும். ஆனால் தேதி, கம்பெனி, கேட்டவர் பெயர், கேட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 'திருமணமான பெண்களை எடுப்பதில்லை' என்று வாட்ஸ்அப்பிலோ விளம்பரத்திலோ எழுத்தில் வந்தால் நிலைமை வேறு. அதை அழிக்காமல் வைத்துக்கொண்டு மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகலாம்.

இன்னொன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆம்பூரில் நீங்கள் ராஜினாமா எழுதிக் கொடுத்திருக்கவே வேண்டியதில்லை. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்த பெண்ணுக்கு, முதல் இரண்டு குழந்தைகளுக்கும் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்று 2017ல் திருத்தப்பட்ட மகப்பேறு சட்டம் அப்போதே சொன்னது. இஎஸ்ஐயில் இருப்பவர்களுக்கு அந்தப் பணம் இஎஸ்ஐ மூலமாக வரும். அந்தச் சூப்பர்வைசர் சொன்னது சட்டம் அல்ல. அன்று அது உங்களுக்குத் தெரியாமல் போனது உங்கள் குற்றமும் அல்ல.

பெயர், பர்தா

இதற்கு "அப்படியெல்லாம் இருக்காது" என்று ஆறுதல் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. அப்படி நடக்கிறது. சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அடுத்த கட்ட அழைப்பு வரும் சாத்தியத்தை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33 என்று வந்தது. இது அநியாயம். வேலைக்கு ஆள் எடுப்பதில் அரசைக் கட்டுப்படுத்தும் அரசியல் சட்டத்தின் 16ஆவது பிரிவு தனியார் கம்பெனியைக் கட்டுப்படுத்துவதில்லை என்பது அதைவிட வருத்தம்.

ஆனாலும் உங்கள் விஷயத்தில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு கம்பெனிகள் உங்கள் பெயரைப் பார்த்த பிறகுதான் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கின்றன. அதனால் ஐந்து நிராகரிப்புக்கும் அதையே காரணமாக்கிக்கொண்டு மனம் தளர வேண்டாம். பர்தாவைப் பொறுத்தவரை, மெஷின் ஓடும் இடத்தில் தளர்வான உடை ஆபத்து என்ற கவலை சில மேலாளர்களுக்கு நியாயமாகவே இருக்கும். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல், "ஆம்பூர்லயும் லைன்ல கோட்டும் தலைக்கு கேப்பும் போட்டுத்தான் வேலை பார்த்தேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகும் முகம் சுளிக்கும் இடத்தில் நீங்கள் வேலை பார்க்க வேண்டாம். தோல் தொழில் நடக்கும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் இது ஒரு கேள்வியாகவே எழாது. ஷூ ஏற்றுமதி கம்பெனிகளின் க்யூசி பிரிவுகளை நீங்கள் ஏன் பட்டியலிலேயே சேர்க்கவில்லை? பழைய சூப்பர்வைசர் மேல் உள்ள கசப்பில் ஒரு தொழிலையே விட்டுவிட வேண்டாம்.

25,000 ரூபாய் சர்டிபிகேட்

வேண்டாம். இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

எல்லோரும் போடுகிறார்கள் என்கிறீர்கள். மாட்டிக்கொண்டவர்கள் அதை ஊருக்குச் சொல்வதில்லை என்பதால் அப்படித் தெரிகிறது. ஆஃபர் கொடுத்த பிறகு பல கம்பெனிகள் பின்னணிச் சரிபார்ப்புக்கு விடுகின்றன. பல்கலைக்கழகத்தில் பட்டம், பழைய கம்பெனியில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி எல்லாவற்றையும் கேட்பார்கள். பிஎஃப் கணக்கின் யூஏஎன் எண்ணைப் போட்டால் நீங்கள் எந்தக் கம்பெனியில் எந்த மாதம் வரை இருந்தீர்கள் என்பது வரிசையாக வந்துவிடும். கன்சல்டன்சி தரும் கம்பெனி அந்த வரிசையில் இருக்காது. சேர்ந்த பிறகு தெரிந்தாலும் விடமாட்டார்கள். 'மேலே கூறியவை உண்மை, பொய்யானால் முன்னறிவிப்பின்றி நீக்கலாம்' என்ற வரியின் கீழ் கையெழுத்துப் போட்டுத்தான் நீங்கள் வேலைக்குச் சேர்வீர்கள். போலி ஆவணத்தை அசல் என்று காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 340ஆவது பிரிவின்படி குற்றம், ஏமாற்றுவது 318ஆவது பிரிவின்படி குற்றம். வழக்கு வந்தால் அந்தக் கன்சல்டன்சி கடையைப் பூட்டிவிடும். சர்டிபிகேட்டில் இருப்பது உங்கள் பெயர்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. பொய்யான இரண்டு வருடம் அம்பலமானால், உண்மையான நான்கு வருடத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

சான்றிதழ்களின் அசலை அந்தக் கன்சல்டன்சியில் கொடுத்துவிட்டீர்களா என்பது கடிதத்தில் தெளிவாக இல்லை. கொடுத்திருந்தால், இன்றே போய் வாங்கிவிடுங்கள். கணவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

பிஎஃப் இணையதளத்தில் அல்லது உமங் செயலியில் உங்கள் பணி வரலாற்றைப் பாருங்கள். ஆம்பூர் கம்பெனி விலகிய தேதியைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் நீங்கள் இன்னும் அங்கேயே வேலையில் இருப்பதுபோலக் காட்டும், புதிய இடத்தில் அது சிக்கலாகும். விலகி இரண்டு மாதம் தாண்டியிருந்தால் நீங்களே அந்தத் தேதியைப் பதிவு செய்யலாம். கூடவே பழைய கம்பெனியின் எச்.ஆர். பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிப் பணிச் சான்று கேளுங்கள். சூப்பர்வைசரிடம் போக வேண்டியதில்லை. அவர் கெடுத்துச் சொல்லிவிடுவார் என்று பயப்படுகிறீர்கள். சரிபார்க்க வருபவர்கள் பெரும்பாலும் எச்.ஆர். பதிவேட்டில் உள்ள தேதியையும் பதவியையும்தான் கேட்கிறார்கள்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்குப் போங்கள். அங்கே கட்டணம் எதுவும் கிடையாது. தமிழக அரசின் தனியார்துறை வேலை இணையத்திலும் பதிவு செய்துவிடுங்கள். வேலூர் மாவட்டத்தோடு நின்றுவிட வேண்டாம். 2019ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததில் ஆம்பூர் திருப்பத்தூருக்கும் சிப்காட் ராணிப்பேட்டைக்கும் போய்விட்டன, உங்களுக்கான வேலைகளில் பெரும்பகுதி அந்த இரண்டில்தான் இருக்கிறது. ஒரகடம் உங்களுக்குச் சரிப்படாது என்று நினைக்கிறேன். தினமும் போய்வர முடியாத தூரம், ஹாஸ்டலில் தங்க வேண்டிவரும். இதை எச்.ஆரும் முகவரியைப் பார்த்த உடனே கணக்குப் போட்டிருப்பார்.

"சொல்லி அனுப்புறோம்" என்ற கம்பெனிக்கு, இன்டர்வியூ முடிந்து ஒரு வாரம் பத்து நாள் ஆகியிருந்தால், நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் போடலாம். இன்டர்வியூ தேதி, வேலையின் பெயர், இன்னும் விருப்பமாக இருக்கிறேன் என்ற தகவல், உங்கள் புதிய கைபேசி எண். முடிந்தால் திருத்திய ரெஸ்யூமையும் சேர்த்து அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

ஆஃபர் கைக்கு வந்ததும், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உங்கள் முறை. கம்பெனி பஸ் பேரணாம்பட்டு வரை வருகிறதா, குடியாத்தம் வரைதானா? இரவு ஷிப்ட் உண்டா? கிரெச் எங்கே இருக்கிறது? 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி சட்டப்படி இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வரலாம். இவற்றுக்கான பதிலை மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.